சந்தனம் பூசிய கம்ப்யூட்டர்

ரெட்டிபாளையத்திலிருந்து அரியலூர் போகும் டவுன் பஸ். என் முன் சீட்டில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் பெண்ணும் அவள் தோழியும்.

“எங்கம்மா பூசுன சந்தனம்தாண்டி கம்ப்யூட்டரை அணைச்சிருக்கு!” என்றாள் எடிட்டர். பாதி பஸ் திரும்பிப் பார்த்தது.

“என்னடி உளர்ற?”

“வேலை சீக்கிரம் முடியட்டும்னு பிராசஸரை ஓவர்கிளாக் பண்ணி வேகத்தை ஏத்தி வெச்சேன்ல? வீடியோ பாதி தயாராவும்போதே கம்ப்யூட்டர் அணைஞ்சு போவும். பொண்ணு வூட்டுலேருந்து தெனமும் போன். வோல்டேஜை மாத்துனேன், ரேமைக் கழட்டி மாட்டுனேன், ஒண்ணும் வேலைக்காவலை. ‘வேகத்தைக் குறைச்சுத் தொலை’ன்னான் எங்கண்ணன். முடியாதுன்னுட்டேன்.”

“அப்புறம்?”

“பெட்டி சூட்டுல கொதிக்குது. அதோட முன்பக்கம் கையை வெச்சுப் பாத்தா, காத்தே உள்ள போவலை. ஆயுத பூசைக்கு லாரிக்குப் பூசுற மாதிரி அம்மா முன்பக்க வலை பூரா சந்தனத்தை அப்பியிருக்கு. அதுமேல நம்மூரு சிமெண்டு ஆலைத் தூசி படிஞ்சு செவுராட்டம் அடைச்சிருச்சு. பழைய பிரஷ்ஷால சுரண்டி எடுத்தேன். ஏத்துன வேகத்துலயே முழுக் கல்யாணமும் வெளிய வந்துருச்சுடி! இதோ, குடுக்கத்தான் போறேன்.”

“அடுத்த பூசைக்கு உங்கம்மா சும்மா இருப்பாங்களா?”

“சொல்லிட்டேன். கம்ப்யூட்டருக்கு வேணாம், அந்தச் சந்தனத்தை என் நெத்தியில பூசும்மான்னு!”