வழவழப்பான வில்லைகள்

சீட்டாட்டக் களிமண் வில்லைகளைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. அழுக்கு தானாகக் கழன்றுவிடும் என்று சிலர் வாளியில் கொட்டி வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்து பார்த்தால் நடுவிலிருக்கும் பொன்னெழுத்து உரிந்து தண்ணீரில் மிதக்கும். நான் ஒவ்வொன்றாகத்தான் கையில் எடுத்தேன். பழைய டூத் பிரஷில் கொஞ்சம் சோப்பு நுரை தொட்டு, வட்டமாகத் தேய்த்து, உடனே துணியில் ஒற்றினேன். காய்ந்த பிறகு ஒரு சொட்டு எண்ணெய். சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளுத்துக் கிடந்த சிவப்பு, எண்ணெய் பட்டதும் புதிதாக எழுந்து நிற்கும்.

நீங்கள் பழைய சீட்டாட்டச் சாமான்களை வாங்கிச் சேர்ப்பவர். நேற்று பெட்டியைத் திறந்ததுமே முகம் சுளித்தீர்கள். “விளிம்பை எல்லாம் யாரும்மா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சது? நாசம் பண்ணிட்டாங்களே” என்று கேட்டீர்கள். எனக்கு ஆட்கள் முன்னால் சட்டென்று பேச்சு வராது. இன்று சொல்லிவிடுகிறேன். தேய்த்தது நான்தான். தெரியாமல் தேய்க்கவில்லை.

ஆட்டத்தில் காசுக்குப் பதிலாக மேசையில் வைக்கும் இந்த வில்லைகளைச் சிப்ஸ் என்பார்கள். சின்ன வயதில் அந்தப் பெயரை நம்பி, தின்பண்டம் என்று ஒன்றை நக்கிப் பார்த்திருக்கிறேன். மண் ருசி. நக்கினால் தடம் விழாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அப்பா அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவர். பார்க்காமலே, விரல் பட்டதும் எந்த எழுத்து என்று சொல்லிவிடுவார். சர்க்கரை நோயில் கண் போனதும் வீடு முழுவதையும் விரலாலேயே படிக்க ஆரம்பித்தார். சுவர், கதவு நிலை, குளியலறைத் தாழ்ப்பாள், எல்லாம் அவருக்கு எழுத்துதான். ஜன்னலோர நாற்காலிக்குத் தானாகவே போய் உட்கார்ந்து இந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொள்வார்.

ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய கூட்டாளிகள் எங்கள் சாப்பாட்டு மேசையில் கூடி ஆடுவார்களாம். தையல்காரர் சிகரெட்டால் சுட்ட வில்லையில் ஒரு குழி இருந்தது. லாரி டிரைவர் ஓயாமல் உரசிக்கொண்டிருந்தது ஒரு பக்கம் சரிந்து தேய்ந்திருந்தது. அம்மா ஒருநாள் கோபத்தில் சுவரில் வீசிய வில்லையில் நகம் அளவுக்குத் துண்டு உடைந்திருந்தது. என் அக்கா பல் முளைத்த வயதில் கடித்ததில் இரண்டு சின்னப் பள்ளங்கள். கட்டைவிரல் அங்கே போய் நின்றதும் அப்பாவின் முகமே மாறிவிடும்.

“பாப்பா, இங்க தொடு. உங்கம்மா கோவம். இன்னும் சுடுது பாரு.”

“சுடலப்பா. தட்டைக் குடுங்க, கழுவணும்.”

“இது பெரியவ பல்லு. என்ன கடி! அப்பவே வக்கீலு.”

அம்மா இறந்தபோது அக்கா சட்டக் கல்லூரியில் இருந்தாள். படிப்பை நிறுத்த முடியாது. நான் பள்ளியில்தான் இருந்தேன், நிறுத்தலாம். நிறுத்தினேன். பிறகு அப்பாவுக்குச் சோறு போட்டதும் நகம் வெட்டியதும் இந்தக் கைதான். கூடவே இருப்பவள் செய்தால் அது வேலை, எப்போதாவது வருகிறவள் செய்தால் அது பாசம். அக்கா போனில் கூப்பிட்டால் அந்தப் பல் பட்ட வில்லையைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். அது கட்டிலுக்கடியில் உருண்டுவிட்டால் பெருக்குமாற்றோடு மண்டியிட்டுத் தேடுகிறவள் நான். எடுத்துக் கொடுத்தால் வில்லைக்கு ஒரு முத்தம் கிடைக்கும்.

ஒருநாள் கேட்டேன். “என்னோடது எதுப்பா?”

“உனக்கு ஏதும்மா? நீ பொறந்த அன்னைக்குப் பெட்டியை மூடினவன், அப்புறம் ஆட்டத்துக்கே உக்காரலியே.”

சொல்லிவிட்டுச் சிரித்தார், என்னவோ எனக்குப் பெரிய சொத்து எழுதிவைத்தவரைப் போல. அத்தனை பேருக்கும் அந்தப் பெட்டியில் இடம் இருந்தது. சிகரெட் பிடித்தவனுக்கு இருந்தது. எனக்கு இல்லை. செக்கு மாடு தன் கால் தடத்தைத் தானே மிதித்து அழித்துக்கொண்டு சுற்றுமே, அந்த மாதிரி இருந்தது.

பெட்டியைக் கழுவச் சொன்னது அக்காதான். “அழுக்குக் கையோட சாப்பிடுறாருடி, ஒருநாள் கழுவித் தொலையேன்” என்றாள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, “மேலாப்ல கழுவும்மா. மேடு பள்ளத்துல கை வெச்சுடாத” என்றார். சரி என்றேன். சோப்பு போட்டவரைக்கும் அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன்.

அடுத்த நாள் உப்புத்தாள் வாங்கி வந்தேன். சமையல் மேடையில் விரித்து அக்காவுடையதை முதலில் வைத்தேன். பல் பள்ளம் ஆழமில்லை. கொஞ்ச நேரத்தில் மறைந்துவிட்டது. சிவப்பு மாவு கொட்டியது. தையல்காரர் சுட்ட குழியைத் தச்சர்கள் மரத்துக்குப் பூசும் பசையில் நிறப்பொடி குழைத்து அடைத்தேன். அம்மாவுடையதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு அதையும் அடைத்தேன். மற்றவற்றை அடுக்கிப் பிடித்து விளிம்பைத் தேய்த்து எல்லாவற்றையும் ஒரே அளவாக்கினேன். கூடத்திலிருந்து அப்பா, “என்ன பாப்பா சத்தம்?” என்றார். “பிரஷ்தான்பா” என்றேன்.

எண்ணெய் பூசித் துடைத்துக் கொடுத்தேன். நல்ல வேலை, நீங்களே ஒப்புக்கொள்வீர்கள். அப்பா ஒன்றை எடுத்தார். வைத்தார். இன்னொன்றை எடுத்தார். பெட்டியின் அடி வரைக்கும் போனார்.

“பெட்டி மாறிப்போச்சா?”

“அதே பெட்டிதான்பா.”

“தையக்காரனைக் காணோமே.”

“உங்க கையிலதான் இருக்காரு.”

திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எனக்குத் தெரியலையேம்மா.”

“விரல் மரத்துப்போச்சுப்பா. சர்க்கரை கண்ணுக்கு வந்த மாதிரி விரலுக்கும் வந்துடுச்சு.”

அதைச் சொல்ல வேண்டும் என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்தது. வந்ததைத் திரும்ப எடுக்கவில்லை, அவ்வளவுதான். அவர் பத்து விரலையும் ஏதோ பிறத்தியார் பொருளைப் போல மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை கூடியது. அதைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. தாழ்ப்பாளைத் தடவமாட்டார், என்னைக் கூப்பிடுவார். தம்ளரைப் பிடிக்கமாட்டார், நழுவிவிடும் என்ற பயம். சுவரைத் தொட்டு நடப்பதை விட்டார், பிறகு நடப்பதையே விட்டார். “இனி நீதாம்மா என் விரல்” என்றார். யாரும் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த நாட்களில் நான் ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை.

டாக்டர் வீட்டுக்கு வந்து ஊசியால் விரல் நுனியைக் குத்திப் பார்த்தார். அப்பா கையைச் சட்டென்று இழுத்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே டாக்டர், “உணர்ச்சி நல்லாத்தான் இருக்கு. மனசுதான் விட்டுட்டாரு. அவர்கிட்ட எடுத்துச் சொல்லுங்க, எழுந்துடுவாரு” என்றார். உள்ளே போனேன்.

“ஊசி வலிச்சுதே பாப்பா. அப்போ விரல் இருக்குதானே?”

“வலி தெரியும்பா. மேடு பள்ளம்தான் தெரியாது.”

தலையாட்டினார். நான் சொன்னால் அவருக்கு மறுபேச்சு இல்லை. அன்றைக்குப் பாதிச் சாப்பாட்டில் வாயை மூடிக்கொண்டார்.

படுக்கையோடு ஆன பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒரு நல்ல வில்லையாக எடுத்தேன். கடைவாயில் வைத்துக் கடித்தேன். களிமண் என்றாலும் இறுகிய மண், பல் கூசியது. ஆழமான தடம், யாருக்கும் தப்பாது. அவர் கையில் வைத்துக் கட்டைவிரலை நானே அதன்மேல் நகர்த்தினேன். விரல் பள்ளத்தில் போய் நின்றது. பழைய முகம் வந்தது.

“பெரியவளோட பல்லு…” என்றார்.

கொஞ்ச நேரத்தில் அவரே தலையை அசைத்தார். “இல்லம்மா, பிரமை. என் விரல்தான் செத்துப்போச்சே. நீதானே சொன்ன.”

என் பல் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும். விரல்களை அந்த வில்லையின்மேல் மூடிவிட்டேன். அவர் திறக்கவில்லை. அதன் பிறகு எதையும் விழுங்கவும் இல்லை. டாக்டர் வயதைக் காரணமாக எழுதினார். அக்கா வந்து என்னைக் கட்டிக்கொண்டு, “உன்னை மாதிரி யாரு பாத்திருப்பா” என்று அழுதாள்.

கேட்டதற்குப் பதில் இதுதான். விரலை நான் கொன்றேன். ஆள் தானாகப் போனார். இல்லை, அதுவும் நான்தான்.

பெட்டியை எந்த விலைக்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நேற்று ஒரு வில்லையைத் தனியாக எடுத்து, “இதுல கடிச்ச தடம் இருக்கு, மத்ததைத்தான் தேய்ச்சாச்சே, இதையும் தேய்ச்சுச் சரி பண்ணிடலாம்” என்றீர்களே, அதை மட்டும் கொடுத்துவிடுங்கள். அப்பா என் ஞாபகமாகக் கடைசி வரைக்கும் கையில் வைத்திருந்தது அது.