கீரிமீன் ஆயக்குள்ள ஒரு பைத்து

— இல்ல றுமானா, றாபியா சாச்சி உனக்குச் சொன்னது பொய்யில்ல. நான் பைத்துப் பாடுறதுதான்.

— பாடுங்க வாப்பா, ஆர் வேணாங்கிற? வாசல் முத்தம் கூட்டக்குள்ளயும், சட்டி கழுவக்குள்ளயும் தனிய நிண்டு ஒசத்திப் பாடினா, றோட்டால போற சனம் என்ன நினைக்கும்?

— பொஞ்சாதி மௌத்தானதோட மனிசனுக்கு மண்ட பிசகிட்டு எண்டு நினைக்கும். நினைக்கட்டுமே மகள்.

— இப்ப என்ன செய்றீங்க?

— கீரிமீன் ஆய்ஞ்சிட்டிரிக்கன். போன் பக்கத்துல கிடக்கு.

— ஒத்த ஆளுக்கு என்னத்துக்கு இந்தக் கரச்சல்? கடையில சோறு எடுக்கலாமே.

— கேளு புள்ள. தைக்காப் பள்ளியில வியாழக்கிழமையில றபான் மேளம் அடிச்சி நபிமேல பைத்து ஓத எத்தின பேர் இரிந்தம். கொஞ்சப் பேர் மௌத்து, கொஞ்சப் பேர் கட்டாருல வேல. கடசியில நானும் பாயுந்தான். ஒரு நாள் ஆருக்குப் பாடுற எண்டு நினைச்சி, பாதியில எழும்பி வந்திட்டன்.

— மறுகா?

— ஊட்ட வந்து கோப்ப கழுவினன். உட்ட இடத்திலிரிந்து பைத்து தன்பாட்டுல வாயில வந்திச்சி. கையும் நிக்கல்ல, பாட்டும் நிக்கல்ல. ஒரு கற இல்லாமக் கழுவி வெச்சன். கேக்கிறவன் கேட்டுக்குத்தான் இரிக்கான் எண்டு அப்ப விளங்கிச்சி. அதுக்குப் பொறகு ஒரு வேலயயும் அரமனசாச் செய்யல்ல.

— அப்ப உங்களுக்குத் தனிம இல்லயா வாப்பா?

— இல்லாம? அஸர் தொழுதிட்டு வந்தா ஊடு வாயப் பொளந்துக்கு கிடக்கும். உம்மாட செருப்பு இன்னம் கிணத்தடியிலதான். அத எடுக்க மனமில்ல. சுத்திக் கூட்டிட்டு உட்டுருவன்.

— கொழும்புக்கு வந்திருங்க வாப்பா. கல்முனை பஸ்ஸுல சீட் போடுறன்.

— அங்க வந்து நான் மீன் ஆய்ஞ்சி பைத்து ஓதினா, மருமகன் பாவம், வேலயால வந்து கண்ண மூடவும் ஏலாது.

— என்ன புள்ள, அங்க தண்ணிச் சத்தம் கேக்குது?

— போன வெச்சிராதீங்க வாப்பா. நீங்க ஆய்ஞ்சி ஆய்ஞ்சி ஓதுங்க. நான் இஞ்ச கேட்டுக்கு சட்டி கழுவுறன்.

— மருமகன் வாற நேரமாச்சே, சோத்தப் போடு முதல்ல.

— அவர் உம்மாட ஜனாஸா அடக்கத்துக்கு வந்து நிண்டதோட சரி வாப்பா. அதுக்குப் பொறகு இந்த ஊட்டுக்கு வரல்ல.