பூசினாற்போல

முகப்பருவுக்கு ஜாதிக்காய் நல்லதுதான், ஐயா. அரைக்கிறவளுக்குத்தான் தோள்பட்டை போய்விடும். பக்கவிளைவு என்று பார்த்தால் அது ஒன்றுதான். நீங்கள் எழுதிக்கொள்வதாக இருந்தால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒளிக்க என்னிடம் எதுவும் இல்லை. கல்யாணமாகி இன்னும் மூன்று மாதம் முடியவில்லை. இப்போதெல்லாம் எதைச் சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் பெயர் அம்சவேணி. பிறந்த வீடு பெரிய காஞ்சிபுரத்தில். வீட்டில் இரண்டு தறி, ஒன்றில் அப்பா உட்காருவார், ஒன்றில் அண்ணன். அவர்களுக்குப் பட்டு நூலை ராட்டையில் சின்னக் குழலில் தாராகச் சுற்றிக் கொடுப்பது என் வேலை. அதற்கு ஒத்தாசையாக முசரவாக்கத்திலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வந்தவள்தான் அலமு. பயிர் வைக்கிற குடும்பம். என்னைவிட ஒரு வயது சின்னவள், வாய்க்கு வாய் அக்கா என்பாள். சாதி வேறு, ஊர் வேறு. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது முகப்பரு.

நாலைந்து பரு என்று நினைத்துவிடாதீர்கள். நெற்றி, கன்னம், தாடை என்று ஓர் இடம் பாக்கியில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு கூட்டமும் சொல்லி அனுப்புகிறோம் என்று போனதோடு சரி. நான் முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டுதான் கடைத்தெருவுக்குப் போவேன். அலமு அப்படியில்லை.

"பஸ்ல பக்கத்துல குந்தனவங்க அம்மைன்னு நெனச்சிக்கினு எந்திரிச்சிப் போயிடறாங்கக்கா. எனக்கு சீட்டு பூரா கெடைக்குது" என்பாள்.

நாங்கள் சிரிக்கிற சிரிப்பில் நூல் அறுந்துபோகும். அப்பா தறியிலிருந்து குரல் கொடுப்பார்.

ஜாதிக்காயை அரைத்து அலமுவின் தோள்பட்டை போனதுதான் மிச்சம். அதன் பிறகு மருந்துகளைத் தேட ஆரம்பித்தது நான்தான். கடைத்தெருவை அடுத்து ஒரு டாக்டரின் டிஸ்பென்சரி இருந்தது. அங்கே தேவசகாயம் என்று ஒரு கம்பவுண்டர், பொறுமையான மனிதர். எந்த மருந்துக்கும் அவர் இரண்டு பக்கமும் சொல்வார், இதனால் இன்ன நன்மை, இன்ன பக்கவிளைவு என்று. அதைக் கேட்கவே எனக்குப் பிடிக்கும். முதலில் கந்தகக் களிம்பு கொடுத்தார். அதைத் திறந்ததும் தீபாவளி வாசனை. யார் முதலில் என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. அலமுதான், குடுக்கா என்று கையை நீட்டினாள். பத்து நாளில் பரு கொஞ்சம் காய்ந்தது, தோலும் சேர்ந்து காய்ந்து உரிந்தது. சரி, இது நமக்கு வேண்டாம் என்று நான் தொடவில்லை.

அதிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. முதலில் அலமு, நன்றாக இருந்தால் பிறகு நான். ரோஸ் நிறத்தில் ஒரு தண்ணீர் மருந்து வந்தது. அது காய்ந்ததும் அலமு கூத்தில் அரிதாரம் போட்டவள் மாதிரி நின்றாள். அரிப்பு அடங்கியது, பரு அடங்கவில்லை. மெட்ராஸிலிருந்து ஒருவர் வாங்கிவந்த அமில மருந்து நிஜமாகவே வேலை செய்தது, ஆனால் அவள் தாடையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுத்துப்போயிற்று. அந்தக் கறுப்பு என் தாடையில் விழுந்திருந்தால் என் கதி என்ன என்று அன்று எனக்கு உடம்பே சிலிர்த்தது. அலமுவைக் கட்டிக்கொண்டேன். அவளுக்கு ஏன் என்று புரியவில்லை, இருந்தாலும் சிரித்தாள்.

போன வருஷம் ஆவணியில்தான் அந்த வெள்ளைக் களிம்பு வந்தது. தேவசகாயம் அதை அவ்வளவு சுலபத்தில் கொடுக்கவில்லை. நான்கு நாள் நடந்தேன். கடைசியில் ஒரு சின்ன டப்பியில் போட்டு, மேலே சீட்டு ஒட்டி, மெதுவாகச் சொன்னார்.

"இது பாதரசம்மா. பருவும் போவும், நெறமும் குடுக்கும். பதினஞ்சு நாள், பட்டாணி அளவு, அதுக்கு மேல வாணாம். காலு வீங்கினா, ஒண்ணுக்கு நுரையா போனா, அன்னிக்கே நிறுத்திடணும். கிட்னிய புடிச்சிக்கும்."

அவர் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. அவர்மேல் ஒரு தப்பும் கிடையாது, அதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

அலமு பதினைந்து நாள் தடவினாள். ஐயா, அந்த மாற்றத்தை எப்படிச் சொல்வேன். தாடைக் கறுப்புகூடப் போய்விட்டது. பிறகு நான் பதினைந்து நாள். ஒருநாள் காலையில் முகம் கழுவித் துடைத்தால் கையில் எதுவும் தட்டுப்படவில்லை. வழவழவென்று, யாருடைய முகத்தையோ தொடுகிற மாதிரி இருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ராஜ வீதி நாலையும் சுற்றினோம். பட்டுக்கடைக் கண்ணாடி ஒவ்வொன்றிலும் நின்று பார்த்தேன். தலைகால் புரியவில்லை. வளையல் கடையில் வேண்டாததையெல்லாம் விலை கேட்டோம், கடைக்காரர் எங்களைப் பார்க்கட்டும் என்றுதான்.

ஐப்பசியில் மெட்ராஸிலிருந்து இவரைக் கூட்டிக்கொண்டு பெண் பார்க்க வந்தார்கள். குமாரவேல் என்று பெயர், மின்சார வாரியத்தில் வேலை. இவருடைய அம்மா என்னை வெளிச்சத்தில் நிற்கவைத்துப் பார்த்து, பிடித்திருக்கிறது என்று அங்கேயே சொல்லிவிட்டார். அலமு காபி எடுத்துவந்தாள். ஒரு தம்ளரை இவர் தவறவிட, "தறிக்குழில ஊத்திட்டீங்கன்னா கல்யாணப் பொடவ காபி கலர்லதான் வரும்" என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். இவர் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். நானும் சிரித்தேன். தையில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

இங்கேதான் நீங்கள் என்னைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. இடையில் எனக்குத் திரும்பவும் பரு வந்தால் என்ன செய்வது? பதினைந்து நாளுக்கு மேல் அந்தக் களிம்பைப் பூசினால் உண்மையில் என்ன ஆகும் என்று யாராவது தெரிந்துவைத்திருக்க வேண்டாமா? கம்பவுண்டர்கள் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் பயமுறுத்துவார்கள். அதனால் இரண்டாவது டப்பியை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் வாங்கினேன். தேவசகாயத்திடம் போனால் கேள்வி கேட்பார். டப்பியின் மேலிருந்த சீட்டைக் கிழித்துவிட்டு அலமுவிடம் கொடுத்தேன். அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். பொடி எழுத்து, வீணாகக் கண் வலிக்கும்.

கார்த்திகையில் இவர் எனக்கு ஒரு கடிதம் போட்டார். இரண்டு பக்கம், அழகான கையெழுத்து. கடைசியில் ஒரு வரி, அன்றைக்குக் காபி கொடுத்த உன் சிநேகிதி சௌக்கியமா என்று. மரியாதை தெரிந்த மனிதர், விசாரிக்கத்தானே செய்வார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம்தான் மூன்றாவது டப்பியைக் கொடுத்து, இனி இரண்டு வேளையும் பூசு, கழுத்துக்கும் கைக்கும் சேர்த்துப் பூசு என்று சொன்னேன். எதற்கு என்றாள். கல்யாணத்தில் என் பக்கத்தில் நிற்கப்போகிறவள் நீ, முகம் ஒரு நிறம் கை ஒரு நிறம் என்று இருக்கலாமா என்றேன். அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது.

அந்த நாட்கள் எவ்வளவு சந்தோஷமாகப் போயின தெரியுமா. தறியில் என் புடவை வளர்ந்துகொண்டே வந்தது, அரக்கு நிறம். தினமும் அலமுவும் நானும் போய் எத்தனை முழம் என்று அளந்து பார்ப்போம். அவள் சிவந்துபோய், கன்னமெல்லாம் உருண்டு வந்தாள். முசரவாக்கத்தில் பார்க்கிறவர்கள் எல்லாம், இப்போதுதான் பூசினாற்போல நன்றாக இருக்கிறாய், பட்டணத்து வீட்டுச் சோறு ஒட்டுகிறது என்றார்களாம். பூசித்தானே அப்படி இருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் வயிறு வலிக்கச் சிரிப்பு.

மார்கழியில் ஒருநாள் ராட்டையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"கொலுசு ஏற மாட்டேங்குதுக்கா. காலு வீங்கிக்கினு இருக்குது. ஒண்ணுக்குப் போனா சோப்புத் தண்ணி மாரி நுரைக்குது. இந்த மருந்தாலியாக்கா?"

"அதெல்லாம் இல்லடி. நாள் பூரா காலத் தொங்கப்போட்டுக் குந்தியிருந்தா வீங்காம என்னா செய்யும். நீ பாட்டுக்கு பூசு."

"நீ சொன்னா சரிக்கா" என்று அவள் ராட்டையைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். நான்காவது டப்பி அதற்கு மறுநாள்.

நீங்கள் கேட்டீர்கள், நான் அந்தக் களிம்பை எப்போது நிறுத்தினேன் என்று. புரட்டாசியிலேயே நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு எனக்குப் பரு வரவே இல்லை. அப்படியானால் யாருக்காக இந்தச் சோதனை என்று உங்கள் முகம் கேட்கிறது. நியாயமான கேள்வி. எனக்கு அது அப்போது தோன்றவில்லை, அவ்வளவு வேலை இருந்தது.

கல்யாணத்துக்கு அலமு அவள் அண்ணன் தர்மனோடு வந்தாள். மண்டபத்து வாசலில் அவளைப் பார்த்ததும் எனக்கே ஒரு நிமிஷம் தெரியவில்லை. முகம் வெள்ளையாக உப்பி, கண் இரண்டும் வெறும் கோடு. செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு நடந்து வந்தாள். மேடைக்கு வந்து எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள். இவர் அவளைப் பார்த்து வணக்கம் சொன்னார், யாரோ ஒருவருக்குச் சொல்வதுபோல. பிறகு என் பக்கம் திரும்பி, எங்கேம்மா உன் அந்தச் சிநேகிதி, வரவில்லையா என்று கேட்டார்.

அவள் வரவில்லை என்று சொன்னேன். அலமு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். என் மாலையில் ஒரு பூ மடங்கியிருந்தது, அதை நிமிர்த்திவிட்டாள்.

ஐயா, அந்த நிமிஷம் மாதிரி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததே கிடையாது. நாதஸ்வரம், மஞ்சள் வாசனை, ஜனம், என் அரக்குப் புடவை, எல்லாம் சேர்ந்து தலை சுற்றியது. தாலி கட்டிய சந்தோஷம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சாப்பிட்டுக் கிளம்பும்போது அலமுவுக்குத் தாம்பூலப் பையை நானே போட்டேன். தேங்காய், வெற்றிலை, பாக்கு, மஞ்சள். அதோடு ஐந்தாவது டப்பி. தர்மன் ஸ்டேஷனில் உங்களிடம் கொடுத்திருக்கிற டப்பி அதுதான். அவள் மாசியில் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் உயிர் போகும்வரை அதைத் தலைமாட்டில் வைத்திருந்தாள் என்று அவர் சொன்னதாகச் சொன்னீர்கள். பாதி காலியாகியிருக்கிறதே, அதனால் விடாமல் பூசியிருக்கிறாள் என்றுதானே அர்த்தம்.

என்ன ஆகும் என்று தெரிந்துதான் வைத்தேன், எழுதிக்கொள்ளுங்கள். மார்கழியிலிருந்தே தெரியும். ஆனால் அவளை நான் வெறுத்தேன் என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. என் கூடப் பிறந்தவர்களுக்குக்கூட நான் அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தது கிடையாது.