படத்தின் முதல் பாதி

போர்ப் படங்கள் எனக்குப் பொதுவாகப் பிடிக்காது, சேர். சத்தம் கூடுதல். ஆனால் அந்தப் படம் வேறு மாதிரி. அதை ஒரு பென்டிரைவில் கொண்டு வந்தவரே இருளப்பன்தான். யாரோ தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள்.

இருளப்பன் அம்பிட்டியவில் என் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, முப்பது வயது இருக்காது. கண்டி டவுனில் ஒரு பாத்திரக் கடையில் வேலை. என்னை அண்ணன் முறையில் "நானா" என்றுதான் கூப்பிடுவார். நான் ஃபார்மசியில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவன். மனைவி றலியா நீண்ட நாள் நோயில் கிடந்து மௌத்தாகிவிட்டார். மகள் நப்லா மெல்பனில். நான் தும்மினால் அந்தச் சத்தத்துக்கு நானே திரும்பிப் பார்ப்பேன், அப்படிப்பட்ட வீடு.

இருளப்பன் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், லுஹர் தொழுது சாப்பிட்டதும் ஒன்றாக உட்கார்ந்து படம் பார்ப்போம். வேறு படங்களும் பார்த்தோம். திரும்பத் திரும்பப் பார்த்தது அதைத்தான்.

உலகப் போர்க் காலத்துக் கதை. எலும்பும் தோலுமான ஒரு பையன் பட்டாளத்தில் சேரப் போகிறான். நெஞ்சில் பலமில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அவன் குடியிருக்கும் வீட்டின் கீழே செருப்புத் தைக்கிற ஒரு கிழவர். இருவரும் ஒரே பாண் துண்டைப் பிய்த்துச் சாப்பிடுவார்கள். இந்தக் காலத்துப் படங்களில் நல்லவனுக்கும் ஏதாவது ஒரு கோணல் வைக்கிறார்கள். இதில் அதெல்லாம் இல்லை. நல்லவன் நல்லவன்தான். பெண்கள் வந்தால் எழுந்து நிற்பான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவான். அதைப் பார்க்கும்போது மனசு கழுவி விட்ட மாதிரி இருக்கும்.

இடைவேளைக்கு முன் அவனுக்கு ஒரு மருந்து ஏற்றுகிறார்கள். அதன் பிறகு அவன் இடிந்து விழும் பாலத்தையே தோளில் தாங்குகிறான். "இனிமேத்தான் நானா படமே" என்று இருளப்பன் நிமிர்ந்து உட்காருவார். முதல் தடவை மட்டும் முழுதும் பார்த்தேன்; பிறகெல்லாம் அந்த இடத்தில் நான் பால் விடாத பிளேன்டித் தேநீர் ஊற்ற எழுந்து போய்விடுவேன். மருந்து ஏறிய பிறகு அந்தச் செருப்புத் தைக்கிறவரைப் படம் ஒரு தடவைகூடக் காட்டுவதில்லை. இருளப்பன் அதைக் கவனித்ததே இல்லை.

ஒருநாள் அவர் இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தார். "கட்டார்ல வேல சரிவந்திருக்கு நானா. மெடிக்கல் பாஸானா அடுத்த மாசம் போறேன்."

"நல்ல விசயம்தானே தம்பி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மெடிக்கலுக்கு முந்திய வாரம் பின்னேரப் பிளேன்டியை நானே ஊற்றிக் கொடுத்தேன். கசப்புத் தெரியாமலிருக்க இஞ்சியும் சீனியும் கூடப் போட்டேன். றலியாவின் மருந்துகள் அலுமாரியில் மிச்சம் இருந்தன. எது ஈரலைக் கொஞ்சம் குழப்பும், எது தானாகச் சரியாகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கவனமாகத்தான் செய்தேன்.

"ஈரல்ல கோளாறாம் நானா. எடுக்க முடியாதுன்னுட்டாங்க." அந்த ஞாயிறு, படத்தில் பட்டாள டாக்டர் பையனைத் திருப்பி அனுப்பும் இடத்தில் அவர் சிரித்தார். "நம்ம கதைதான்." எனக்கும் சிரிப்பு வந்தது. அவ்வளவு நெருக்கமாக நாங்கள் அதற்கு முன் இருந்ததில்லை.

இன்னோர் ஏஜென்சி மூலம் முயன்றார். அதுவும் அப்படியே ஆனது. பிறகும் நான் நிறுத்தவில்லை. அவர் மெலிந்துபோனார், கண் மஞ்சளித்தது, கடைக்குப் போவதும் நின்றது. நான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். முதுகைத் துடைத்துவிட்டேன். ராத்திரியில் அவர் கூப்பிட்டால் கேட்கட்டும் என்று என் அறைக் கதவைத் திறந்தே வைத்துப் படுத்தேன். என் வாழ்க்கையில் அப்படி நல்ல மாதங்கள் அதிகம் இல்லை, சேர்.

அவருடைய அக்கா ஜெயராணி வந்தது அப்போதுதான். என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். "நீங்க இல்லாட்டி இவன் என்ன ஆகியிருப்பானோ நானா. கொஞ்ச நாள் அம்மாகிட்ட இருக்கட்டும். ஒடம்பு தேறினா அங்கேயே ஒரு வேல பாத்துக்கலாம். திங்கக்கெழம வேன் கொண்டாறேன்."

இருளப்பன் சரி என்று தலையாட்டினார். உடனேயே ஆட்டினார். யோசிப்பார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன்.

ஞாயிறு அவர் சொன்னார்: "இன்னைக்காவது முழுசா ஒக்காந்து பாருங்க நானா. எந்திரிச்சுப் போயிறாதீங்க." அதனால் பிளேன்டியை முன்னாடியே ஊற்றி வைத்தேன். வழக்கத்தைவிடக் கூடப் போட்டேன். வேனில் ஏற முடியாமல் படுத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். இவ்வளவு காலம் மருந்து கொடுத்தவன், அந்த ஒரு தடவை அளவு பிசகிவிட்டது.

பையன் பாலத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும்போது இருளப்பன் வாந்தி எடுத்தார். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான்தான். என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். பிளேன்டி என்றேன். அது பொய்யில்லை. மருந்தின் பெயரைச் சொல்லியிருந்தால் காப்பாற்றியிருப்பார்கள் என்கிறீர்கள். காப்பாற்றியிருப்பார்கள். அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்திருப்பாரா?

அடுத்த நாள் அவர் கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் இருந்தவன் நான்தான். என் விரலைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போகணும் நானா" என்றார். பின்னேரம் அவர் மூச்சு நின்றுவிட்டது.

தெல்தோட்டையைத்தான் சொன்னான், அம்மாவிடம் போகத்தான் கேட்டான் என்று ஜெயராணி உங்களிடம் அழுதிருப்பார். பாவம், அக்காக்காரிக்கு அப்படித்தான் தோன்றும். அதை மட்டும் வாக்குமூலத்தில் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள், சேர். அவர் எங்கள் வீட்டைத்தான் சொன்னார்.