அந்தி வெளிச்சத்துக்கு நல்ல கண்ணாடி

இந்தக் காவல் நிலைய ஜன்னல் கொக்கியில் தொங்கும் அந்தப் பைனாகுலரை உங்கள் அப்பாவுக்கு விற்றவன் நான்தான். பட்டையை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. விலையைக் கேட்டதும் அவர், "யோவ் ஹால்வர், நான் மானைப் பாக்கத்தான்யா கேட்டேன், பண்ணையோட சேத்து வாங்கவா கேட்டேன்?" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஆனாலும் வாங்கிக்கொண்டுதான் போனார். நான் அவரைச் சாயங்காலம் வரச் சொல்லியிருந்தேன், அதனால் வாங்கினார்.

என் மகள் சிக்ரிட் ஏன் வீட்டைவிட்டுப் போனாள் என்று கேட்டீர்கள். மகளைக் காணோம் என்று புகார் கொடுக்க வந்த கிழவன் வியாபாரம் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். அங்கிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் பிடிபடும்.

மத்தியான வெயிலில் விலை உயர்ந்த பைனாகுலரும் மலிவானதும் ஒன்றுதான். மலையில் நிற்கும் மரம் இரண்டிலும் மரமாகத்தான் தெரியும். மலிவானதை வாங்கினவன் அடுத்தவனைப் பார்த்து ஏமாந்த சோணகிரி என்று சிரிப்பான். பொழுது சாயட்டும், அப்போது தெரியும். சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை சுடலாம் என்பது சட்டம். எல்க் மான்கள் புதரைவிட்டு வெளியே வருவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் மலிவுக் கண்ணாடியில் நிறம் முதலில் போகும், பிறகு உருவம் கலங்கும், கடைசியில் ஏதோ ஒன்று பழுப்பாக அசையும். நல்ல கண்ணாடியில் கொம்பின் கிளைகளை எண்ணலாம். அதனால் வாங்க வந்தவர்களை நான் சாயங்காலம் கடைக்குப் பின்னால் கூட்டிப்போய் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கச் சொல்வேன். நான் பேசவே வேண்டியதில்லை, அவர்களாகவே பணத்தை எடுப்பார்கள்.

என் மருமகன் எம்மெட்டுக்கு மட்டும் மத்தியானத்தில் காட்டினேன்.

எம்மெட் நல்ல பையன். அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். கடற்கரை ஊர்க்காரன், எங்கள் பள்ளத்தாக்கின் குளிருக்குப் பழகாதவன், காதுவரை தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு திரிவான். என் மனைவி போனபிறகு வீட்டில் நானும் சிக்ரிட்டும்தான். அவன் வந்தான், பேத்தி மார்னி பிறந்தாள், வீடு வீடாக இருந்தது. அப்புறம் அவனுக்கு அலாஸ்காவில் வேலை கிடைத்தது. வேட்டைக் காலம் முடிந்ததும் மூன்று பேரும் கிளம்புவதாக ஏற்பாடு. சாப்பாட்டு மேசையில், உப்பை எடுங்கள் என்பதுபோல அதை என்னிடம் சொன்னார்கள். நான் கோபப்படவில்லை. கோபப்படுகிற ஆள் இல்லை நான்.

போகிறதுக்கு முன்னால் ஒரு எல்க்காவது சுட்டுவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. கடைக்கு வந்தான். இரண்டு பைனாகுலரையும் மாற்றி மாற்றி வாசலைப் பார்த்தான்.

"மாமா, ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு? எதுக்கு இவ்ளோ வித்தியாசம் விலையில?"

"பேருக்குத்தான் விலை. உனக்கு இது போதும்டா. வீடு மாத்தப் போற, காசு வேணும்ல."

"நீங்க மட்டும் பெரிசா வச்சிருக்கீங்களே."

"எனக்கு வயசாயிருச்சு. உனக்கென்ன, கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

துப்பாக்கிமேல் மாட்டும் கண்ணாடியும் கேட்டான். அதையும் அதே மட்டத்தில் எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு என் மனதில் வேறு ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு திரும்பட்டும், இவனா நம்மைக் காப்பாற்றப்போகிறான் என்று சிக்ரிட்டுக்குத் தோன்றட்டும். அவ்வளவுதான் நினைத்தேன். எந்தத் தகப்பனும் நினைப்பதுதான்.

இனி வெர்ன் கால்டரைப் பற்றி. வெர்ன் என் நண்பன். பள்ளிக்கூடத்தில் பக்கத்து இருக்கை. வாரம் தவறாமல் சீட்டு ஆடுவோம். தோற்றால், "டேய் ஹால்வர், நீ சீட்டுக்குப் பின்னால பாக்குற கண்ணாடியும் வச்சிருக்கடா" என்பான். அவன்மேல் எனக்கு ஒரு நாளும் வருத்தம் இருந்ததில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

வேட்டைக் காலத்தின் கடைசி வாரம். எம்மெட்டும் நானும் மேட்டில் படுத்திருந்தோம். கீழே ஓடை, இரண்டு பக்கமும் வில்லோ புதர். நாள் முழுக்க ஒன்றும் வரவில்லை. சூரியன் மறைந்தது. புதருக்குள் ஏதோ அசைந்தது.

என் கண்ணாடியில் வெர்ன் தெரிந்தான். குச்சிகளை அடுக்கி அணை கட்டும் பீவர் பிராணிகள் அவன் வாய்க்காலை அடைத்திருந்தன போலும். குனிந்து குனிந்து குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். பழுப்புக் கோட்டு. வேட்டைக் காலத்தில் ஆள் என்று தெரிவதற்காகப் போடும் ஆரஞ்சுத் தொப்பி; சாயம் போனது, ஆனாலும் ஆரஞ்சு. பிடுங்கிய கிளைகளைத் தோளில் சாய்த்து நிமிர்ந்தான். மீசையில் ஒட்டியிருந்த சேற்றைக்கூடப் பார்த்தேன். அந்தக் கண்ணாடி அப்படிப்பட்டது.

எம்மெட் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, கொம்பு மாதிரி தெரியுது. எல்க்கா?"

யோசித்தேன் என்று சொல்வது சரியாக இருக்காது. அலாஸ்கா போவதாக அவர்கள் சொன்ன அன்று மேசைமேல் இருந்த உப்புக் குப்பியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

"எனக்குச் சரியாத் தெரியல. உங்க கண்ணாடிய ஒரு தடவ குடுங்க மாமா."

"வெளிச்சம் போயிட்டிருக்கு. நான் பாத்துட்டேன். ஆண் எல்க்தான். சுடு."

அவன் சுட்டான். அவனுக்குக் குறி தப்பாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆளா மானா என்று பார்க்காமல் வெர்னைச் சுட்டுக் கொன்றதாக எம்மெட்மேல் வழக்கு வந்தது. நான் அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னேன். அவனும் என் பெயரை எடுக்கவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் "நான்தான் சுட்டேன், நான்தான் சரியாப் பாக்கல" என்றே சொன்னான். சிறையில் போய்ப் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க சொன்னத நான் யார்கிட்டயும் சொல்லல மாமா. சிக்ரிட்கிட்ட மட்டும்தான் சொன்னேன். உங்களுக்கும் எல்க் மாதிரிதானே தெரிஞ்சது. வயசாகுதுல்ல, கண்ணு ஏமாத்திருச்சு. நீங்க மனசப் போட்டு அலட்டிக்காதீங்க."

அந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சம் வலித்தது. என் கண் என்னை ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

தண்டனை குறைவுதான். வெளியே வந்தான். அலாஸ்கா வேலை போய்விட்டது, யாரும் எங்கேயும் கிளம்பவில்லை. ஆனால் மார்னி கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தால் அவன் பின்னுக்கு நகர்வான். தூக்கமாட்டான். பனி உருகும் காலத்தில் அவன் வண்டி மட்டும் ஆற்றுப் பாலத்தில் நின்றிருந்தது. உங்கள் ஆட்கள்தான் தேடினார்கள், உங்களுக்குத் தெரியும். அவனை நான் சாகச் சொல்லவில்லை. வீட்டோடு இருந்திருக்கலாம். யாரும் அவனைக் குறை சொல்லவில்லையே.

அதற்குப் பிறகு சிக்ரிட் என்னோடு இருந்தாள். குழந்தை அறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்தேன். காலையில் கஞ்சி காய்ச்சி மூன்று கிண்ணங்களில் ஊற்றுவேன். அவள் அதிகம் பேசமாட்டாள், ஆனால் இருந்தாள். நான் கேட்டதும் அதுதான்.

தப்பு என்னுடையது. போன வாரம் சாயங்காலம் முற்றத்தில் உட்கார்ந்து என் பைனாகுலரில் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அதோ பார், பள்ளிக்கூட டீச்சர் போறாங்க. பச்சை மப்ளர் கட்டியிருக்காங்க" என்றேன்.

அவள் கை நின்றது.

"இந்த இருட்டுல பச்சைன்னு எப்படிப்பா தெரியுது?"

நாற்பது வருஷக் கடைக்காரன் வாய் சும்மா இருக்குமா? லென்ஸின் பூச்சைப் பற்றி, அது வெளிச்சத்தைச் சேர்த்துக்கொடுக்கும் விதத்தைப் பற்றி, மலிவானதில் நிறம் ஏன் முதலில் போகிறது என்பதைப் பற்றி எல்லாம் சந்தோஷமாகச் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள். அத்தனை நாளில் அவள் என் பேச்சை அப்படிக் கேட்டதே இல்லை.

மறுநாள் பொழுது சாயும்போது, "வாங்கப்பா, கொஞ்சம் நடக்கலாம்" என்றாள். எம்மெட்டின் பைனாகுலர் அவள் கழுத்தில், என்னுடையது என் கழுத்தில். அந்த மேட்டுக்குத்தான் கூட்டிப்போனாள். கீழே ஓடையில் ஒரு ஆள் நின்றது. பழுப்புக் கோட்டு, தோளில் கிளைகள், தலையில் சாயம் போன தொப்பி. ஒரு நொடி எனக்கு வெர்ன்தான் என்று தோன்றியது. அது வெர்னின் மனைவி நெட்டி. புருஷன் விழுந்த இடத்தில், புருஷனின் உடுப்பில் நின்றுகொண்டிருந்தாள், சிக்ரிட் சொல்லித்தான் இருக்க வேண்டும்.

சிக்ரிட் முதலில் எம்மெட்டின் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் கழுத்திலிருந்து என்னுடையதைக் கழற்றினாள். நான் தடுக்கவில்லை. கண்ணில் வைத்துப் பார்த்தாள்.

"நெட்டி அத்தை அழுறாங்கப்பா" என்றாள். "இதுல அதுகூடத் தெரியுது."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன். பைனாகுலரை என் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப்போய் நெட்டியின் தோளிலிருந்த கிளைகளை இறக்கி வைத்தாள். மறுநாள் காலையில் எழுந்து கஞ்சியை மூன்று கிண்ணத்தில் ஊற்றிய பிறகுதான் மஞ்சள் அறை காலி என்று தெரிந்தது.

இவ்வளவுதான். அது வெர்ன் என்று தெரிந்துதான் சுடச் சொன்னேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே போடுகிறேன். என் பங்கை நான் மறைக்காமல் செய்துவிட்டேன், இனி உங்கள் பங்கு. நீல நிறப் பழைய வண்டி, பின்னிருக்கையில் குழந்தை. மார்னியின் கனமான கோட்டு வீட்டிலேயே கிடக்கிறது, சளி பிடித்துக்கொள்ளும். எல்லாச் சாலைகளுக்கும் சொல்லியனுப்புங்கள். சிக்ரிட்டைக் கண்டுபிடித்தால் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்பா அவளை மன்னித்துவிட்டார், வீட்டுக்கு வரலாம் என்று சொல்லுங்கள்.