மச்சினனுக்கு வாங்கிக் கொடுத்த புத்தகம்

எந்தப் பொருளையும் நான் அவசரப்பட்டு வாங்குகிறவன் இல்லை. ஒரு ஜோடி செருப்பு வாங்கவே நாலு கடை ஏறி இறங்குவேன். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கடைக்காரர்கள் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார்கள் என்று என் மனைவி சொல்வாள். அதனால், ஒரு பரீட்சைப் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு மழைக்காலம் முழுவதும் எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பலாம்.

நீங்கள் கேட்டது இது இல்லை, தெரியும். வெள்ளிக்கிழமை மதியம் சர்வர் அறைக்குள் தனியாக என்ன செய்தாய் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். தலைமை அலுவலகத்திலிருந்து இதற்காகவே வந்திருக்கிறீர்கள், உங்களை வெறுங்கையோடு அனுப்ப எனக்கும் மனமில்லை. ஆனால் அதை மட்டும் பிய்த்துத் தனியாகச் சொன்னால் நான் ஏதோ பொல்லாதவன் மாதிரித் தெரியும். புத்தகத்திலிருந்து தொடங்கினால்தான் என் பக்கத்து நியாயம் புரியும்.

நம் மெத்தைக் கம்பெனியின் சர்வர் அறை உணவுக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஆர்டர், கணக்கு, சம்பளம், மின்னஞ்சல் எல்லாம் அங்கே இருக்கும் சர்வர்களில்தான் குடியிருக்கின்றன. எப்போதும் குளிராக இருக்கும் என்பதால் கணக்குப் பிரிவு அம்மா தன் தண்ணீர் பாட்டிலை அங்கேதான் வைப்பார். வெயில் காலத்தில் காவலாளி ஏதோ சந்தேகம் கேட்க வருவார். எதுவும் கேட்காமலே வெகுநேரம் நின்றுவிட்டுப் போவார். அந்த அறையை நானும் என் மச்சினனும்தான் பார்த்துக்கொள்கிறோம். மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை இங்கே சேர்த்துவிட்டது நான். அதை அவனும் மறக்கவில்லை, நானும் மறக்கவிடவில்லை.

எங்களுக்கு மேலே இருந்தவர் ஓய்வு பெற்றதும் மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ரெண்டு பேரும் அந்த சர்வர் சர்டிபிகேட் பரீட்சையை எழுதிடுங்க. யாருக்கு மார்க் அதிகமோ அவங்கதான் இனிமே ஹெட்" என்றார்.

என் வீட்டுக்கு வந்தால் என் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போகிறவன் அவன். அவன் ஹெட் ஆகி, என் விடுப்புக்கு அவன் கையெழுத்துப் போடுவதா? நினைத்ததுமே எனக்கு வயிறு எரிந்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் வயிறு எரிவது குற்றமில்லை, அதற்கு மாத்திரைகூட விற்கிறார்கள்.

அன்று மாலை என் மனைவி சொன்னாள்: "தம்பிக்கும் ஒரு நல்ல புக்கா நீங்களே பாத்து வாங்கிக் குடுங்க. அவன் அட்டையப் பாத்தே வாங்கிடுவான்."

"அதுக்கென்ன, என் பொறுப்பு" என்றேன்.

எனக்கான புத்தகத்தை நான் உடனே வாங்கிவிட்டேன். பரீட்சை நடத்துகிறவர்களே வெளியிட்டது. யோசிக்க அதில் ஒன்றுமில்லை. வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தேன். மச்சினனுக்கு வாங்குவதில்தான் முழுக் கவனமும் செலுத்தினேன். தனக்கென்றால் எதையாவது வாங்கலாம், அடுத்தவருக்கு என்றால் அப்படி முடியுமா?

நிறையப் புத்தகங்களைப் பார்த்தேன். ஒன்றில் படங்கள் தெளிவாக இருந்தன, ஒதுக்கினேன். இன்னொன்றின் பின்னட்டையில் யாரோ ஒரு பெண், முதல் முயற்சியிலேயே தேறிவிட்டதாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைத் தொடவே இல்லை. மூன்றாவது, தலையணை கனத்தில் இருந்தது. எரிச்சலூட்டும் புத்தகமாக இருக்கும் என்று ஆசையாகத் திறந்தேன். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் அழகான சுருக்கம் கொடுத்திருந்தார்கள். எனக்குப் பெருத்த ஏமாற்றம்.

பிறகுதான் ஒரு வழி கண்டுபிடித்தேன். இணையக் கடையில் வாசகர்களிடம் ஒற்றை நட்சத்திரம் வாங்கிய புத்தகங்களை மட்டும் பார்ப்பது. அப்படித்தான் அது அகப்பட்டது. அட்டையில் தலைக்கவசம் போட்ட ஒருவர், கையில் ஸ்பேனரோடு, ஒரு குளிர்சாதனப் பெட்டியின் முன்னால் நின்றார். அதைத்தான் சர்வர் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. திட்டி எழுதியிருந்த வாசகர் ஒருவருக்கு நானே கடிதம் போட்டு விசாரித்தேன். "இந்தப் புக்கால என் வேலையே போச்சு சார்" என்று பதில் வந்தது. அவருக்காக வருத்தப்பட்டேன். புத்தகத்தை ஆர்டர் செய்துவிட்டு வருத்தப்பட்டேன்.

ஆனால் யாரோ முகம் தெரியாதவர் சொன்னார் என்பதற்காக மச்சினன் தலையில் ஒரு புத்தகத்தைக் கட்டிவிட முடியாது. தப்பித்தவறி உள்ளே நல்ல விஷயம் ஏதாவது இருந்துவிட்டால்? அதனால் வரி விடாமல் படித்தேன். படித்தது போதாது என்று ஒவ்வொன்றாகச் செய்தும் பார்த்தேன். சோதித்துப் பார்க்க வேறு சர்வர் இல்லாததால் கம்பெனி சர்வர்களில்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"சர்வரும் உழைப்பாளியே. மதிய வேளையில் அதற்கும் ஓய்வு தேவை" என்று ஓர் இடத்தில் போட்டிருந்தது. ஒரு வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மின்னஞ்சல் சர்வரை அணைத்து வைத்தேன். வாடிக்கையாளர்கள் போனில் கத்தினார்கள். மற்றபடி, எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். "சூடான சர்வர் மீது ஈரத் துண்டு போர்த்தவும்" என்று இன்னோர் இடத்தில் இருந்தது. உணவுக்கூட டோக்கன் சர்வருக்குப் போர்த்தினேன். அது அன்றோடு கண்ணை மூடியது. துண்டு என் சொந்தத் துண்டு. அதைக் கம்பெனியிடம் நான் கேட்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மதிய நேரத்தில் அறையைப் பார்த்துக்கொள்வது மச்சினனின் முறை. அதனால் மேலாளர் அவனைத்தான் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். இது நான் திட்டம் போட்டதில்லை. தானாக அமைந்தது. "எங்க தப்பு பண்றேன்னே தெரியல மாமா" என்று என்னிடம் வந்து கண் கலங்கினான். அவன் தோளைத் தட்டிக் கொடுத்து, தேநீர் வாங்கித் தந்தேன். நான் அன்று அவனிடம் காட்டிய பரிவை அவனே உங்களுக்குச் சொல்வான்.

புத்தகம் முழுத் திருப்தி தந்தபிறகு, அதே புத்தகத்தில் புதிதாக இன்னொரு பிரதி வாங்கி, வண்ணக் காகிதம் சுற்றி அவனிடம் கொடுத்தேன். என் பிரதியைக் கொடுக்க ஏனோ மனம் வரவில்லை. அதை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவன் வீட்டுக்கு வந்தான். முகமெல்லாம் பல்.

"மாமா, எப்படி மாமா இப்படி ஒரு புக்கைப் பிடிச்சீங்க? பக்கத்துக்குப் பக்கம் தப்பு. முதல்ல ஒண்ணும் புரியல. அப்புறம்தான் உங்க ஐடியாவே புரிஞ்சுது. ஒவ்வொண்ணும் ஏன் தப்புன்னு தேடித் தேடியே எல்லாப் பாடமும் மனசுல நின்னுடுச்சு."

என் முகத்தில் ஈயாடியிருக்காது. உள்ளேயிருந்த என் மனைவி, "உங்க மாமா சும்மாவா?" என்றாள்.

அவன் விடவில்லை. "மத்தியானம் சர்வரை அணைச்சு வைக்கணுமாம் மாமா. எந்தக் கிறுக்கன் எழுதினானோ" என்று சிரித்தான்.

"அவர் கிறுக்கன் இல்ல" என்றேன்.

சொன்னபிறகுதான் என் குரல் உயர்ந்திருந்தது தெரிந்தது. மச்சினன் சிரிப்பை நிறுத்திவிட்டான். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்திருந்தது. நினைத்துப் பாருங்கள், ஒரு மழைக்காலம் முழுவதும் நான் அந்த மனிதரோடு பழகியிருக்கிறேன். என் வீட்டில் என்னிடம் அவ்வளவு பொறுமையாகப் பேசியவர்கள் யாருமில்லை. நாலு நாள் புரட்டிப் பார்த்த ஒருவன் அவரை எடுத்தெறிந்து பேசினால் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

இன்னொரு சங்கடமும் இருந்தது. எனக்கென்று வாங்கிய நல்ல புத்தகம் அலமாரியில் உறை பிரிக்காமலே கிடந்தது. படிக்கத்தான் நினைத்தேன். மச்சினனுக்காக ஓடியாடியதில் நேரமே கிடைக்கவில்லை.

பரீட்சைக் கூடத்தில் கேள்விகள் திரையில் வந்தன. நான் கரைத்துக் குடித்திருந்தது ஒரே ஒரு புத்தகம். பதில்கள் தாமாக வந்து நின்றன. ஒரு கேள்விக்குக்கூட நான் தயங்கவில்லை. கூடத்திலிருந்து முதலில் எழுந்து வெளியே வந்தவன் நான்தான்.

முடிவு வந்தபோது மச்சினன் எங்கேயோ உச்சியில் இருந்தான். என் மதிப்பெண்ணை மேலாளர் வாய்விட்டுச் சொல்லவில்லை. காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பரவால்ல, விடுங்க" என்றார். மச்சினன் ஹெட் நாற்காலியில் உட்கார்ந்தான். உட்காருவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா நான் இல்ல மாமா" என்றான். வீட்டில் என் மனைவி, "எங்க வீட்டுக்காரர் வாங்கிக் குடுத்த புக்குதான்" என்று தெருவெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். பாராட்டு வாங்கிக்கொண்டே ஒரு மனிதன் இவ்வளவு அவமானப்பட முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

என்னை உறுத்தியது ஒன்றுதான். பேக்கப் பகுதியில் எனக்குப் பூஜ்ஜியம் போட்டிருந்தார்கள். பேக்கப் என்றால் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துவது, உங்களுக்கே தெரியும். புத்தகத்தின் கடைசி அத்தியாயம் அதைப் பற்றியதுதான். அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் நான் செய்து பார்த்திருக்கவில்லை. மற்றதெல்லாம் தப்பு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், அது தப்பு என்பதற்கு யாரிடம் ஆதாரம் இருக்கிறது? அது மட்டும் சரியாக இருந்துவிட்டால் பரீட்சை நடத்தியவர்கள் செய்தது பிழை. என் மதிப்பெண் ஏறும். நாற்காலியைப் பற்றி மறுபடி பேசலாம். நியாயமான யோசனை என்று நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் மச்சினன் மேலாளர் அறையில் கூட்டத்தில் இருந்தான். காவலாளி சந்தேகம் கேட்டு நின்றுகொண்டிருந்தார். அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். கடைசி அத்தியாயத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டேன். பழைய பிரதிகள் புதியவற்றைக் குழப்பும், முதலில் அவற்றைத் தொலைக்கவும் என்றிருந்தது. வெளியே பெட்டகத்தில் இருந்த பழைய பிரதிகளையெல்லாம் எடுத்துவந்து அழித்தேன். அடுத்து புதிதாக ஒரு பிரதி எடுக்கச் சொல்லியிருந்தது. எடுத்தேன். பிரதி உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அறிய ஒரே வழி, சர்வரின் டிஸ்க் வட்டு முழுவதையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு அதைத் தேடிப் பார்ப்பதுதான் என்றிருந்தது. துடைத்தேன்.

இப்போது யார் எந்த மெத்தைக்கு ஆர்டர் கொடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. லாரி ஓட்டுநர்கள் போக இடமில்லாமல் சரக்கின் மேலேயே படுத்துத் தூங்குகிறார்கள். சம்பளக் கணக்கும் போய்விட்டது. அதில் என் சம்பளமும் சேர்த்தி, ஆகவே சுயலாபத்துக்காகச் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஆமாம், நான்தான் செய்தேன். மச்சினனுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும், காட்டுங்கள்.

ஒரே ஒரு திருத்தம். பிரதி எடுத்துப் பத்திரப்படுத்தவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். எடுத்தேன். அலைந்து தேட வேண்டாம் என்று அதே வட்டில்தான், மூலத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். மச்சினன் மூன்று நாளாக அந்த வட்டைக் கட்டிக்கொண்டு தேடுகிறான், இன்னும் கிடைக்கவில்லை என்கிறான். அவன் கெட்டிக்காரன்தான். ஆனால் அந்தப் புத்தகத்தை மட்டும் நான் வாங்கிக் கொடுத்தபோதே ஒழுங்காகப் படித்திருந்தால், இந்நேரம் எடுத்திருப்பான்.