மரையும் மறையும்

மார்ச் மாதம் பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை, காலை ஆறரை மணிக்கு, எங்கள் வீட்டின் முன் நின்ற லாரியின் கதவில் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருந்த இரண்டு வாக்கியங்களை ஈரத்துணியால் துடைத்தவள் நான். துணி சுத்தமானது, எழுத்துப் பலகைக்கென்று தனியே வைத்திருப்பது. வாக்கியங்களைப் பற்றி அப்படிச் சொல்ல இயலாது.

ஆய்வாளர் ஐயா, ஏன் துடைத்தேன் என்று கேட்டீர்கள். வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் எழுத்தர் தட்டச்சு செய்யும் வேகத்துக்கு ஏற்ப நிறுத்தி நிறுத்திச் சொல்லவும் எனக்குத் தெரியும். பணிக்காலம் முழுவதும் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் நடத்தியவள் நான்.

லாரி என் தம்பியுடையது. ஓட்டுபவன் தம்பி மனைவியின் தம்பி. அவனை எல்லாரும் 'அவசரம்' என்றே அழைக்கிறார்கள். பெற்றோர் வைத்த பெயரைவிட இது பொருத்தமானது. வாழைப்பழத்தை அவன் 'வாலப்பலம்' என்பான். நான் திருத்துவேன். அவன் சிரிப்பான். ஏழாண்டுகளாக ஒரே கூரையின்கீழ் இதுதான் நடந்துவந்தது.

என்னுடையது முன்னறை. அதன் சன்னலை அடைத்துக்கொண்டுதான் லாரி நிற்கும். அதைப் பற்றி நான் குறை சொன்னதில்லை. எழுத்துமூலம் இருமுறை தெரிவித்திருக்கிறேன், அவ்வளவே.

அந்த வாரம் லாரியின் சுழல்தண்டு அதிரத் தொடங்கியது. இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் நீண்ட குழாய் அது. தம்பி பட்டறைக்குப் போகாமல், கைப்பேசியில் காணொளி பார்த்துத் தானே பிரித்தான். பிரிப்பது யாருக்கும் வரும். பிரித்ததைச் சேர்ப்பதற்குத்தான் புணர்ச்சி விதி வேண்டும். தண்டின் பின்முனையை நான்கு போல்ட்டுகள் பிடித்திருக்கும். மீண்டும் பூட்டும்போது அவசரம் அவற்றில் இரண்டைக் கோணலாக நுழைத்து, ஸ்பேனரின் கைப்பிடியில் ஓர் இரும்புக்குழாயை மாட்டி, பலம் கூட்டி முறுக்கினான்.

“கையால விட்டுப் பாருடான்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா?” என்றான் தம்பி.

“அதான் உள்ள போயிடுச்சே மச்சான், அப்புறம் என்ன?”

“போனது போல்ட்டு இல்லடா. மரை.”

உண்மை. இரண்டு துளைகளின் உள்ளே போல்ட்டைப் பற்றிக்கொள்ளும் சுருள்வரியான மரை வழித்தெடுத்ததுபோல் போயிருந்தது. தம்பி வண்டிக்கடியில் அட்டையை விரித்துப் படுத்து, மரை வெட்டும் டேப்பைக் கொண்டு அவற்றைச் சீர்செய்ய முயன்றான். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பொடியைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடியும். நான் சன்னலருகே அமர்ந்து முழுவதையும் பார்த்தேன். ஒழுங்கான வேலை, ஆனால் வெட்டுவதற்கு இரும்பு மிச்சமில்லை. துளைகளைப் பெரிதாக்கி, உள்ளே கம்பிச்சுருள் பதித்துப் புதுமரை உண்டாக்க வேண்டும் என்று முடிவு செய்தான். அதற்குக் கடைக்குப் போக வேண்டும். அதுவரை தண்டு தொங்காமலிருக்க நான்கு போல்ட்டுகளையும் சொருகி வைத்தான். இரண்டு பிடித்தன. இரண்டு பிடித்ததுபோல் நடித்தன.

அன்று மாலை நான் அவசரத்திடம், 'கழண்டு' என்பது பிழை, 'கழன்று' என்பதே சரி என்று எடுத்துச் சொன்னேன். அவன் வண்டிக்கடியில் குனிந்தான்.

“மச்சான், அந்த டேப்ப உள்ள வெச்சிடாதீங்க. டீச்சரம்மாவுக்கும் மரை கழண்டு கெடக்கு. ரெண்டு சுத்து விட்டா சரியாயிடும்.”

தம்பி படுத்தபடியே சிரித்தான். தம்பி மனைவி அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எதிர்வீட்டுத் தையற்காரரும் சிரித்தார். நகைச்சுவை விளங்க அவருக்கு நேரம் பிடிக்கும், அன்று பிடிக்கவில்லை.

எனக்கு இதில் வருத்தம் ஏதுமில்லை. உவமை பொருந்தவில்லை என்பதை மட்டும் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

சிரித்து முடித்ததும், மரையைக் கெடுத்தது யார் என்று மச்சான்கள் இருவருக்கும் வாய்ச்சண்டை மூண்டு, பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. ஆகவே புதன் காலை கடைக்குப் புறப்பட்ட தம்பி அவனைக் கைப்பேசியில் அழைக்கவில்லை. வீம்பாகக் கதவில் எழுதிவிட்டுப் போனான்:

'மறை போச்சு. வன்டிய எடுக்காத.'

நான்கு சொற்கள். 'போச்சு' கொச்சை, அதை மன்னிக்கலாம். டகரத்துக்கு முன் ணகரமே வரும் என்பதைத் தொடக்கப்பள்ளியிலேயே கற்பிக்கிறார்கள். 'எடுக்காத' என்பது ஏகாரத்தை இழந்து பெயரெச்சமாகத் தொங்குகிறது, எடுக்காத எது? முதற்சொல்தான் பொறுக்க முடியாதது. வல்லின றகரம் இட்டால் அது வேதம். அல்லது ஒளித்து வை என்னும் ஏவல். இரும்பில் இருப்பது இடையின ரகரம். இத்தனையும் என் வீட்டு வாசலில், என்னிடம் படித்தவர்கள் நடந்து போகும் தெருவைப் பார்த்தபடி.

துடைத்தேன். திருத்தி எழுதுவதே நோக்கம். 'மரை' என்று எழுதினேன். அடுத்து இட வேண்டியது 'தேய்ந்துள்ளது' என்பதா, 'சிதைந்துள்ளது' என்பதா என்று எண்ணிக்கொண்டு நின்றேன். சொல் தேர்வில் நான் விரைவதில்லை.

அப்போது அவசரம் வந்தான். சாவியைச் சுழற்றிக்கொண்டே கதவைப் பார்த்தான்.

“என்ன டீச்சரம்மா, நேத்து சொன்னதுக்கு இன்னிக்குப் பாடமா? அச்சடிச்ச மாதிரி எழுதிருக்கீங்களே.”

“படித்துக்கொள்,” என்றேன்.

“படிச்சாச்சு, படிச்சாச்சு. ஆமா, மச்சான் எல்லாத்தயும் பூட்டிட்டாரா?”

“நான்கு போல்ட்டுகளும் துளைகளில் இருக்கின்றன.”

இந்த வாக்கியத்தை நீங்கள் எவ்வளவு ஆராய்ந்தாலும் குறை காண முடியாது. எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, எண்ணும் பொருந்துகிறது. உண்மையும்கூட.

அவன் ஏறி உட்கார்ந்தான். சிதைந்துள்ளது என்பதே பொருத்தம் என்று நான் முடிவுக்கு வந்தபோது கதவு நகரத் தொடங்கியிருந்தது. ஓடுகிற பலகையில் எழுதுவது என் பழக்கமன்று. உள்ளே வந்தேன். வெயில் மேசைவரை விழுந்திருந்தது.

மற்றது உங்களுக்குத் தெரியும். செங்கல் ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கும்போது, நடித்த இரண்டும் கழன்றன. மற்ற இரண்டும் தனியே தாங்கவில்லை. விழுந்த தண்டு பிரேக் குழாயை அறுத்தது. ஒரு மதில்சுவர் வண்டியை நிறுத்தியது. அவன் உயிரோடு இருக்கிறான். தலையில் அடி, இனிப் பேச்சு வராது என்கிறார் மருத்துவர். ஆகவே ஏழாண்டுகளில் முதன்முறையாக வீட்டில் ஒரு பிழையும் கேட்பதில்லை. இதை நான் மகிழ்ச்சியாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொல்கிறேன்.

எச்சரிக்கை எழுதினேன் என்று தம்பி சொன்னதை நீங்கள் நம்பவில்லை. கதவில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. கவனக்குறைவு என்று அவனை அழைத்துச் சென்றீர்கள். தம்பி மனைவி என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணி, அவன் வண்டி எடுக்கறப்ப நீங்க வாசல்லதான நின்னீங்க. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“ஒரு வார்த்தை எழுதியிருந்தேன்,” என்றேன்.

பிறகு நீங்கள் வந்து, வீட்டிலிருந்தவர்களையும் அக்கம்பக்கத்தாரையும் அந்தச் சொல்லை எழுதிக் காட்டச் சொன்னீர்கள். தம்பி உட்பட எல்லாரும் வல்லின றகரத்தை இட்டார்கள். கதவில் இருந்ததோ இடையின ரகரம். நானும் அவ்வாறே எழுதித் தப்பியிருக்கலாம். கை இடம் கொடுக்கவில்லை. எனவே என்னைப் பிடித்துக் கொடுத்தது குற்றமன்று, கல்வி.

தெரிந்தே செய்தேனா என்று மறுபடியும் கேட்கிறீர்கள். துடைத்தேன், திருத்தத் தொடங்கினேன். அதற்கு மேற்பட்ட எந்தச் சொல்லும் என்னுடையதன்று.

சற்றுமுன் உங்கள் எழுத்தர் தாளை நீட்டினார். கடைசி வரி இது: 'உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தே எச்சரிக்கையை மரைத்தேன்.' நான் இப்படிச் சொல்லவில்லை, இதை ஏற்கவும் மாட்டேன் என்றேன்.

“ஏத்துக்கலேன்னா கையெழுத்துப் போட வேணாம்மா. அப்படியே விட்டுடுங்க,” என்றார் எழுத்தர்.

அப்படியே விடுவதா? பேனாவை வாங்கினேன். இடையின ரகரத்தை அடித்து, மேலே வல்லின றகரத்தை இட்டேன். ஓரத்தில், திருத்தியவர் என்ற முறையில் கையொப்பமிட்டேன். வரியை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்தேன்.

முடிவானது இவ்வளவே: தம்பி இன்று மாலை வீடு திரும்புவான், நான் இங்கே இருப்பேன். அந்த வாக்கியத்தில் இப்போது பிழை ஏதுமில்லை.